1,098 வெற்றி, 208 தோல்வி, ஒரு மறதிநோய்: பாட் சம்மிட்டின் தன்வரலாறு வாங்கலாமா?

பாட் சம்மிட், அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளராக இருந்தவர். அவருடைய புத்தகத்தின் பெயர் 'சம் இட் அப்'. குடும்பப் பெயரான சம்மிட்டை வைத்துச் செய்த சிலேடை அது. 'கூட்டிச் சொல்' என்று பொருள். அட்டையில் பெயருக்குக் கீழே ஓடும் வரியில் இன்னும் கொஞ்சம் குறும்பு. 1,098 வெற்றிகள், பொருட்படுத்தத் தேவையில்லாத ஒன்றிரண்டு தோல்விகள், அப்புறம் ஒரு வாழ்க்கை என்று போகிறது. அந்த 'ஒன்றிரண்டு' உண்மையில் 208. முப்பத்தெட்டு சீசன், ஒரே பல்கலைக்கழகம், எட்டு தேசியப் பட்டம், 18 முறை கடைசி நான்கு அணிகளில் இடம். 2013 மார்ச்சில் கிரவுன் ஆர்க்கிடைப் வெளியிட்டது. கூட எழுதியவர், அப்போது வாஷிங்டன் போஸ்டில் விளையாட்டுப் பத்தி எழுத்தாளராக இருந்த சாலி ஜென்கின்ஸ். இருவரும் சேர்ந்து செய்த மூன்றாவது புத்தகம் இது. முதல் இரண்டும் 1998இல் வந்தவை. பட்டம் வென்ற கையோடு எழுதியவை. அவற்றில் இருக்கிற சத்தம் இதில் இல்லை. காரணம் எளியது. 2011 ஆகஸ்ட் 23 அன்று, 59 வயதில், தனக்கு அல்சைமர் வகை மறதிநோய் இளவயதிலேயே தொடங்கிவிட்டது என்று அவர் வெளியே சொன்னார். அதற்குப் பிறகு எழுதிய நூல் இது.

மறதிநோய் வந்தவர் எப்படித் தன்வரலாறு எழுத முடியும் என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியை ஜென்கின்ஸ் மூடி மறைக்கவில்லை, புத்தகத்தின் எலும்புக்கூடாகவே அதை வைத்துவிட்டார். கதை 'நான்' என்று தன்மையில் நகர்கிறது. இடையிடையே இருவரின் பேட்டித் துண்டுகள் கேள்வியும் பதிலுமாக அப்படியே அச்சாகியிருக்கின்றன. சில கேள்விகளுக்குப் பதில் சட்டென்று வருகிறது, சிலவற்றுக்குத் தடுமாற்றம். எந்த நினைவு யாரிடம் பத்திரமாக இருக்கிறதோ, அவரைப் பேச விட்டிருக்கிறார்கள்: முன்னாள் வீராங்கனைகள், குடும்பத்தார், உதவிப் பயிற்சியாளர்கள். வேறொரு கூட்டெழுத்தாளர் இந்தத் துண்டுகளை வெட்டிவிட்டு, எல்லாம் அவருக்கே நினைவிருந்ததுபோல வழவழவென்று எழுதியிருப்பார். அப்படி எழுதியிருந்தால் இந்த விமர்சனத்துக்கே தேவை இருந்திருக்காது.

தொடக்கக் காலத்தைப் பற்றிய பகுதி நிதானமாகப் படிக்க வேண்டியது. பிறந்தது 1952 ஜூன் 14, டென்னசி மாநிலத்தின் கிளார்க்ஸ்வில்லில். பால்மாடும் புகையிலையும் வைத்திருந்த பண்ணைக் குடும்பம். மூன்று அண்ணன்களோடு வைக்கோல் பரணில் கூடை மாட்டி ஆடி வளர்ந்தவர். உள்ளூர்ப் பள்ளியில் பெண்களுக்குக் கூடைப்பந்து அணி இல்லை என்பதற்காகவே குடும்பம் பக்கத்து ஊருக்குக் குடிபெயர்ந்தது. அதிகம் பேசாத, பாராட்டவே பாராட்டாத அப்பா ரிச்சர்ட் ஹெட் செய்த காரியம் அது. அந்த மனிதரைப் பற்றிய பக்கங்களில் உணர்ச்சிக் கொட்டல் இல்லை. 1974இல், கல்லூரியின் கடைசி ஆண்டில், மகளுக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது. இனி ஆட முடியாது என்று மருத்துவர் சொன்னபோது, சரிசெய்து கொடுங்கள், இவள் ஒலிம்பிக் போகிறாள் என்ற பொருளில் அப்பா பதில் சொன்னாராம். 1976 மான்ட்ரியலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் வந்தது. அமெரிக்க அணியின் இணைத்தலைவியாக வெள்ளிப் பதக்கம் வாங்கினார். எட்டு ஆண்டு கழித்து லாஸ் ஏஞ்சலிஸில் அதே அணிக்குப் பயிற்சியாளராகத் தங்கம்.

டென்னசி பல்கலைக்கழக அணியை ஏற்றபோது வயது 22. மேற்படிப்பு படித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளராக இருக்கலாம் என்று வந்தவர். இருந்த பயிற்சியாளர் விடுப்பில் போகவே, மொத்தப் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. மாதச் சம்பளம் 250 டாலர். சீருடை துவைப்பது அவர், வேன் ஓட்டுவதும் அவர். சீருடைக்கான காசு டோனட் விற்றுச் சேர்த்தது. அணியில் சிலருக்கு அவரைவிட ஒரு வயதுதான் குறைவு. முதல் ஆட்டத்தில் மெர்சர் அணியிடம் 84-83 என்று ஒரே புள்ளியில் தோல்வி. 'பெண்கள் விளையாட்டு அன்று எப்படி இருந்தது' என்று கட்டுரை எழுத வருகிறவர்கள் இந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்.

இங்கே நம் வாசகருக்கு ஒரு தடங்கல் வரும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் சொற்களை நூல் விளக்குவதில்லை, தெரியும் என்று எடுத்துக்கொண்டு போகிறது. எனவே கையில் சில குறிப்புகள் வேண்டும். 'டைட்டில் நைன்' என்பது 1972இல் வந்த சட்டம். கூட்டாட்சி அரசின் பணம் வாங்கும் கல்வி நிறுவனம் பாலின வேறுபாடு காட்டக் கூடாது என்றது. அதனால்தான் பெண்கள் அணிகளுக்கு உதவித்தொகை, பயணப்படி, பயிற்சியாளர் சம்பளம் எல்லாம் மெல்ல மெல்ல வந்தன. என்சிஏஏ என்பது கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பு. பெண்கள் கூடைப்பந்துக்குத் தேசியப் போட்டியை அது தொடங்கியதே 1982இல்தான். அதற்கு முன் ஏஐஏடபிள்யூ என்ற தனி அமைப்பு நடத்தியது. எட்டுப் பட்டம் என்ற கணக்கு 1982க்குப் பிறகான போட்டிகளுக்கு மட்டும். முதல் பட்டம் 1987இல் வந்தது, அதாவது வேலையில் சேர்ந்து பதின்மூன்றாவது சீசனில். அவசரப்பட்டுப் பயிற்சியாளரை மாற்றுகிற நிர்வாகிகள் இந்தக் கணக்கை ஒருமுறை எழுதிப் பார்க்கலாம்.

இன்னொரு சொல் 'ஆறுக்கு ஆறு'. டென்னசி பள்ளிகளில் பெண்கள் அப்போது ஆடியது இன்றைய ஆட்டம் இல்லை. ஒரு பக்கம் ஆறு பேர், அதில் மூவர் முன்களம், மூவர் காவல். நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. இதில் என்ன கேடு என்றால், காவல் பக்கம் நிற்கிற பெண் நான்கு ஆண்டு பள்ளியில் ஆடியும் ஒரு முறைகூடக் கூடையை நோக்கிப் பந்தை எறிந்திருக்க மாட்டாள். முழுக்களம் ஓடும் மூச்சும் இருக்காது. அப்படிப்பட்டவளுக்கு எந்தக் கல்லூரி உதவித்தொகை கொடுக்கும்? இந்த முறையை மாற்றச் சொல்லிக் குரல் கொடுத்தவர்களில் பாட் முக்கியமானவர். 1970களின் இறுதியில் மாநிலம் ஐந்துக்கு ஐந்து ஆட்டத்துக்கு மாறியது. வெற்றிப் பட்டியலைவிட இதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்று சொல்வேன். புத்தகம் இதைக் கொஞ்சம் வேகமாகவே கடந்துபோகிறது.

பயிற்சி நுணுக்கம் தேடி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது பயிற்சிக் கையேடு அல்ல. ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) டிஃபென்ஸும் (எதிரணியைத் தடுத்தாடுவது)தான் பட்டம் வாங்கித் தரும் என்பது அவருடைய வேதம். காரணமும் சரியானது. பந்து கூடைக்குள் விழுவது நாளுக்கு நாள் மாறும். ஓடுவதும் முட்டுக் கொடுப்பதும் மனசு வைத்தால் எல்லா நாளும் நடக்கும். ஆனால் ரீபவுண்டுக்காக எதிராளியை மறித்து நிற்கும் 'பாக்ஸ் அவுட்' செய்யும் வரிசையை இதில் தேடினால் கிடைக்காது. எதிரணி பந்தை எறிந்ததும் பந்தைப் பார்க்காமல் முதலில் உன் ஆளைத் தேடு, முன்கையால் தொட்டு இடம் பிடி, சுழன்று முதுகைக் கொடு, இடுப்பைத் தாழ்த்தி அகலமாக நில், அதற்கப்புறம் பந்துக்குப் போ. இது தெரிந்தவர்களுக்குத்தான் அவருடைய அணி ஏன் அப்படி ஆடியது என்பது புரியும். பந்து காற்றில் இருக்கும்போது கண் தானாக மேலே போகும், அந்த அரை விநாடியில் எதிராளி உள்ளே புகுந்துவிடுவாள். பாதி ரீபவுண்ட் கைவிட்டுப் போவது இப்படித்தான்.

நூல் தருவது வேறு: ஒழுங்கை எப்படி நடைமுறையில் கட்டினார் என்பது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள் உட்கார வேண்டும், வகுப்பைத் தவிர்க்கவே கூடாது. பயிற்சியில் எதிரணியாக நிற்பதற்கு ஆண் மாணவர்கள். இது வெறும் வேகத்துக்காக இல்லை. உயரமும் பலமும் கூடிய எதிர்ப்பு தினமும் கிடைக்கும், அடுத்து வரப்போகிற அணியின் ஆட்டமுறையை அவர்கள் ஒத்திகை பார்த்துக் காட்டுவார்கள், சொந்த அணியின் மாற்று வீராங்கனைகள் நாளெல்லாம் அடிவாங்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தொடக்க ஆண்டுகளில் ஊர் சுற்றிவிட்டு வந்த அணியை ஓடவிட்டு, வாந்தி எடுக்கக் களத்தின் நான்கு மூலையிலும் குப்பைத்தொட்டி வைத்த கதை பிரசித்தம். அதை வீரமாக எடுத்துக்கொண்டு யாரும் செய்து பார்க்க வேண்டாம். தண்ணீர் சத்து குறைந்த உடம்பை அப்படி ஓடவிட்டால் வெப்பத் தாக்கில் முடியும், இன்று எந்த விளையாட்டு மருத்துவரும் அனுமதிக்க மாட்டார். வயது ஏற ஏறத் தன் கடுமையை அவரும் தளர்த்திக்கொண்டார் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பட்டம் வென்ற சீசன்களில் 1996-97 பற்றியதுதான் சுவை. அந்த அணி பத்து ஆட்டம் தோற்றது, 29-10. ஆனாலும் இறுதிப் போட்டியில் ஓல்டு டொமினியனை 68-59 என்று வென்றது. அடுத்த ஆண்டு 39-0. எல்லோரும் அந்த 39ஐத்தான் பேசுவார்கள். ஷமீக் ஹோல்ட்ஸ்கிளா, டமிகா கேட்சிங்ஸ் என்று அந்த அணி வீராங்கனைகளின் பெயர்களே அப்படி. பயிற்சியாளருக்குப் பாடம் இருப்பது பத்துத் தோல்வி சீசனில். மற்ற பட்டங்கள் பற்றிய பகுதிகள் ஓரளவுக்கு மேல் ஸ்கோர்ப் பட்டியல் வாசிப்பதுபோல ஆகிவிடுகின்றன. தாராளமாகப் புரட்டலாம்.

ஒரு எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். 'அவருடைய வீராங்கனைகள் எல்லோரும் பட்டதாரிகள்' என்று பரவலாகச் சொல்கிறார்கள். சரியான வாசகம்: டென்னசியில் தங்கி ஆடும் தகுதிக்காலத்தை முழுமையாக முடித்தவர்கள் எல்லோரும் பட்டம் பெற்றார்கள். நடுவில் வேறு கல்லூரிக்கு மாறியவர்கள் கணக்கில் இல்லை. அப்படியும் பெரிய சாதனைதான். மிகைப்படுத்திச் சொல்ல வேண்டிய அவசியமில்லை.

இனி நோய்ப் பகுதி. புத்தகத்தின் விலை முழுக்க இதற்குக் கொடுக்கலாம்.

2006இல் அவருக்கு மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் கண்டறியப்பட்டது, அதற்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். ஞாபகம் தடுமாறியபோது அந்த மருந்தின் பக்கவிளைவு என்றே நினைத்தார். இது அவருக்கு மட்டும் நடந்த தவறு அல்ல. ஐம்பதுகளில் இருக்கிறவருக்கு மறதி வந்தால் யாரும் அல்சைமரை முதலில் நினைப்பதில்லை. வேலைப் பளு, தூக்கமின்மை, மாதவிடாய் நிற்கும் காலம், மனச்சோர்வு, மருந்து என்று காரணம் தேடுவார்கள். அப்படித் தேடுவது சரிதான், ஏனென்றால் அவற்றில் பலவற்றைச் சரிசெய்துவிட முடியும். மருத்துவர்களும் முதலில் பி12, தைராய்டு, மருந்துப் பட்டியல், மனநிலை எல்லாம் பார்த்துத் தள்ளிவிட்டுத்தான் மூளை ஸ்கேனுக்கும், சில மணி நேரம் ஓடும் நினைவாற்றல் சோதனைகளுக்கும் போகிறார்கள். கோளாறு வருவது அந்தச் சமாதானத்திலேயே உட்கார்ந்துவிடும்போது. அவர் 2011 மே மாதம் மேயோ கிளினிக் என்ற மருத்துவமனைக்குப் போனபோதுதான் நோயின் பெயர் தெரிந்தது. வீட்டில் யாருக்காவது இந்தச் சந்தேகம் இருந்தால், கண்டறியும் முன்பான மாதங்களைச் சொல்லும் பக்கங்களை முதலில் படிக்கலாம்.

ஒரு பயிற்சியாளரிடம் இந்த நோய் எங்கே தலைகாட்டும்? பெயர் மறப்பதில் என்று நினைப்போம். அதற்கு முன்பே டைம் அவுட்டில், அதாவது ஆட்டத்தை நிறுத்தி அணியோடு பேசும் சிறு இடைவேளையில், காட்டிவிடும். முப்பது விநாடிக்குள் அவர் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்க வேண்டியவை: மீதி நேரம், மீதி டைம் அவுட், யாருக்கு எத்தனை ஃபவுல், யார் யாரை மறிப்பது, அடுத்த ஆட்டமுறையின் பெயர், பந்தை உள்ளே எறிவது யார். இவற்றை ஒன்றாகப் பிடித்துவைத்து வரிசைப்படுத்தும் திறனை நோய் தொடக்கத்திலேயே அரிக்கத் தொடங்கிவிடும். 1976 ஒலிம்பிக் நினைவு பத்திரமாக இருக்கும், இப்போது சொல்ல வேண்டிய ஆட்டமுறையின் பெயர் வராது. பழையது நிற்கும், புதியது நழுவும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 'இன்று கொஞ்சம் மந்தமாக இருக்கிறார்' என்று மட்டும்தான் படும்.

வேலையை விட்டுவிடும்படி ஆலோசனை வந்தது, அவர் கேட்கவில்லை. 2011-12 சீசன் முழுக்கப் பயிற்சியாளர் பெஞ்சில் இருந்தார். பயிற்சியாளர், நிர்வாகி, ஏன் எந்த அலுவலகத்தின் மேலாளரும் கவனிக்க வேண்டியது அந்த ஆண்டின் வேலைப் பங்கீடு. களத்து முடிவுகளும் நடுவர்களோடும் பத்திரிகையாளர்களோடும் பேசுவதும் பெரும்பாலும் ஹாலி வார்லிக்கிடம் போயின. வார்லிக் 1970களின் இறுதியில் அவரிடம் ஆடியவர், பிறகு 27 ஆண்டு அவருக்கு உதவிப் பயிற்சியாளர். மிக்கி டிமாஸும் டீன் லாக்வுட்டும் மீதியைப் பிரித்துக்கொண்டார்கள். விநாடிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டியது மற்றவர்களுக்கு. தனியே உட்காரவைத்துப் பேசுவது, முதுகில் தட்டுவது, கண்ணால் அதட்டுவது அவருக்கு. இருபதாண்டுக்கு மேல் பழகிய உதவியாளர்கள் இருந்ததால் இது நடந்தது. நேற்று சேர்ந்தவர்களை வைத்து இந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது. புத்தகம் இதை வெளிப்படையாகச் சொல்வதில்லை, நாமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த சீசன் 27-9. கடைசி எட்டு அணிகளின் சுற்றில் பேலரிடம் 77-58 என்று முடிந்தது. பேலர் அந்த ஆண்டு ஒரு ஆட்டமும் தோற்காத அணி. 2012 ஏப்ரல் 18 அன்று பொறுப்பை வார்லிக்கிடம் கொடுத்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொருவர் இருக்கிறார். வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர் கே யோ. 1987இல் மார்பகப் புற்றுநோய், அடுத்த ஆண்டே சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்குத் தங்கம். நோய் திரும்பி வந்தபிறகும் பயிற்சியளித்தார், 2009 ஜனவரியில் இறந்தார். அவருடைய நோய் உடம்பை வாட்டியது, முடிவெடுக்கும் தலை கடைசிவரை அவருடையதாக இருந்தது. பாட்டின் நிலை அதற்கு நேர் எதிர். 'நோயோடு போராடிய பயிற்சியாளர்கள்' என்று இருவரையும் ஒரே மூட்டையில் கட்டுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள்.

குறைகளுக்கு வருவோம். பெரிய குறை, பராமரிப்பு பற்றி ஏறக்குறைய ஒன்றும் இல்லாதது. யார் பக்கத்தில் இருப்பது, கார் ஓட்டுவதை எப்போது நிறுத்துவது, வங்கிக் கணக்கையும் கையெழுத்தையும் யாரிடம் ஒப்படைப்பது, நோயாளி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டிய அதிகாரப் பத்திரம் இவையெல்லாம் குடும்பங்களைத் தூங்கவிடாத கேள்விகள். அவருக்குப் பணமும் ஆட்களும் இருந்தார்கள். மகன் டைலருக்கு அப்போது இருபது வயது. அந்தப் பையன் தலையில் எவ்வளவு ஏறியது என்பதை நூல் மென்மையாகத் தொட்டுவிட்டு நகர்கிறது. திருமண முறிவு, கருச்சிதைவுகள் பற்றியெல்லாம் கூச்சமில்லாமல் பேசுகிறவர் இங்கே மட்டும் அடக்கி வாசிக்கிறார்.

அடுத்த குறைக்கு ஆசிரியர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எழுதிமுடித்தது நோயின் முன்பாதியில். நம்பிக்கையோடு முடிகிறது. 2016 ஜூன் 28 அன்று 64 வயதில் அவர் இறந்தார், பிற்பாதியைப் பற்றி இதில் ஒரு வரி இல்லை. மருத்துவத் தகவலும் பழையது. அன்றைய மருந்துகள் அறிகுறியைச் சில காலம் தணிப்பவை மட்டுமே. மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அகற்றும் லெக்கனமாப் 2023இலும் டொனனமாப் 2024இலும் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்றன. அவையும் தொடக்க நிலையில் இருப்பவர்களுக்குத்தான். நோயை நிறுத்துவதில்லை, வேகத்தைக் குறைக்கின்றன. மூளையில் வீக்கமோ இரத்தக்கசிவோ வரலாம் என்பதால் இடையிடையே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். எனவே சிகிச்சை விவரத்துக்கு இதை நம்ப வேண்டாம். அட்டையில் இருக்கிற 1,098உம் இப்போது சாதனை எண் இல்லை. ஸ்டான்ஃபோர்டின் டாரா வான்டெர்வீர் 2020 டிசம்பரில் அதைத் தாண்டினார், பிறகு கனெக்டிகட்டின் ஜீனோ ஆரியெம்மா அவரையும் தாண்டிவிட்டார்.

மொழி எளிய ஆங்கிலம். தென்மாநிலப் பேச்சுவழக்கும் பண்ணைச் சொற்களும் கலந்தது. முதல் ஐம்பது பக்கம் தாண்டினால் பழகிவிடும். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். பட்ட சீசன்களை வேகமாகப் புரட்டிவிட்டு, சிறுவயதையும் முதல் சீசனையும் பேட்டித் துண்டுகளையும் 2011-12ஐயும் மெதுவாகப் படியுங்கள். ஒரு அணிக்கு ஒரு பிரதிதான் வாங்க முடியும் என்றால் தலைமைப் பயிற்சியாளரைவிட உதவிப் பயிற்சியாளரிடம் கொடுப்பது நல்லது. வார்லிக் வரும் இடங்களை அவர் பென்சிலால் குறித்துவைத்துக்கொள்ளட்டும்.